அந்தச் சுவரை இடித்துவிடு

தம்பி,

நீ வரைந்து அனுப்பிய வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டேன். போனில் பார்த்தது போதாதென்று, இங்கே சிட்னியில், பென்டில் ஹில்லில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிய தாளில் அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, மூலைக்கொரு தேத்தண்ணிக் கோப்பை வைத்துப் பார்த்தேன். வடிவான வீடு. யாழ்ப்பாணத்து வெயிலுக்கென்று நீ போட்டிருக்கும் நீண்ட விறாந்தை, கூரைத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் திருப்பும் பீலி, மருமகள் பிரியா கேட்டபடி காற்று வரும் குசினி, எல்லாம் சரி. ஒன்றே ஒன்றைத் தவிர. வீட்டின் நடுவில் நிற்கும் அந்தப் பழைய சுவரை நீ அப்படியே வைத்திருக்கிறாய். அதிலிருக்கும் ஓட்டைகளுக்குள் சின்னச் சின்ன விளக்கும், முன்னால் கண்ணாடியும் போட்டிருக்கிறாய். அந்தச் சுவரை இடித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "அம்மா, அந்தச் சுவர்தான் வீட்டின்ர ஹார்ட். அதை எடுத்தா மிச்சம் இஞ்சை மெல்பேர்னிலை பொயிண்ட் குக்கிலை இருக்கிற வீடு மாதிரித்தான் இருக்கும்" என்றாய். பக்கத்திலிருந்து பிரியாவும், "ஆமா அத்தை, பார்க்கும்போதே என்னமோ பண்ணுது" என்றாள். நான் திரும்பவும் இடி என்றேன். நீ முகத்தை இறுக்கிக்கொண்டு, "சரி, எனக்கு ஒரேயொரு ரீசன் சொல்லுங்கோ. சொன்னா இடிக்கிறன்" என்றாய். நான் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பருப்பு இருக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் காரணத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த கிழமை நீ ஊருக்குப் பிளேன் ஏறுகிறாய். நீ போய்ச் சேர்ந்ததும் மேசன்மார் வேலை தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் நீ கேட்டதைத் தர வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். பிரியா வாசித்துச் சொல்லட்டும். மகளே பிரியா, இதில் ஓரிடத்தில் பெண்களின் விஷயம் வரும். வெட்கப்பட்டு அந்த வரியைத் தாண்டிப் போகாதே, குரலைத் தாழ்த்தாதே, அவனுக்கு நன்றாகக் கேட்கும்படி வாசி. எங்கள் முதியோர் சங்க ஆண்டு மலருக்கும், "ஊர் எழும்புகிறது பற்றி எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். உன்னைப் போல ஊரில் வீடு கட்டப் புறப்பட்ட பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசித்தால் நல்லது.

டிவிக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தில் இருப்பவள் என் தங்கை வதனி, உன் சின்னம்மா. "பொம்மர் அடிச்சுச் செத்தவ" என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீயும் அதற்கு மேல் கேட்டதில்லை. குண்டு போடும் விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் பொம்மர் என்பதை நீ எழுதப் படிக்க முதலே பழகிவிட்டாய். உன் நாடியில் இருக்கும் தழும்பின் கதையை உன் கூட்டாளிகளுக்கு நீ சொல்லிச் சிரிப்பாய். இங்கே பரமட்டாவில் கார் நிறுத்துமிடத்தில் ஹெலி ஒன்று தலைக்கு மேல் பதிவாக, தாழப் பறந்து போனபோது, அம்மா தலைமயிரில் பிடித்து இழுத்துக் காருக்குக் கீழே தள்ளினார், நாடி வெடித்தது, தையல் போட்ட டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டபோது அம்மா "ஹெலிகொப்டர்" என்றார் என்று சொல்வாய். சிரி, எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஹெலிக்குப் பின்னால் ஓர் ஊரே எரிந்துகொண்டிருந்தது என்பது உனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி இருந்தது. ஆமியோடு சண்டை பிடித்த இயக்கம் வெளியே சுற்றி நின்றது. நடுவில் எங்கள் பட்டினம். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு, செல் என்போம், வரும். வானத்திலிருந்து குண்டு வரும். கெட்டித்தனமான பொம்மர் சர்ரென்று குத்தி இறங்கிப் போட்டுவிட்டு மேலே எழும்பும். இன்னொன்று கிழட்டு விமானம். சகடை என்போம். அது ஆடி அசைந்து வந்து, கதவைத் திறந்து, ஆட்கள் பீப்பாயை உருட்டி விடுவது போலக் குண்டைத் தள்ளிவிடும். எங்கே விழும் என்று தள்ளியவனுக்கும் தெரியாது. கடைத்தெருவில் அப்பாவின் பலசரக்குக் கடைக்கு மேல் அப்படி ஒன்று விழுந்தது. நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். சீனி மூட்டைகள் உருகித் தார் போல ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தையல் கடைக்காரரின் கை அவருடைய மெசினுக்கு மேல் இருந்தது. ஆள் அங்கே இல்லை. அப்பா தன் சால்வையை எடுத்து அந்தக் கையை மூடினார். பிறகு எரியாமல் கிடந்த சாமான்களை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பட்டினம் முழுவதும் பேப்பர் சாம்பல் பறந்து தலையில் விழுந்தது.

அதற்கு முதலே வளவுக்குள் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியிருந்தோம். ரயில் ஓடாத ஊரில் தண்டவாளம் எதற்கென்று சனம் அதைக் கழற்றிப் பங்கருக்குக் கூரை போட்ட காலம் அது. அப்பாவும் இரண்டு துண்டு பிடித்து வந்து, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, நல்ல உறுதியாகக் கட்டினார். அப்போது ஒரு செல் எங்கள் சாமி அறைக் கூரையில் விழுந்தது. விளக்கு நசுங்கியது, படங்கள் தப்பின. அம்மா அழுதுகொண்டே படங்களையெல்லாம் தூக்கினார். வீட்டில் எது பத்திரமான இடம்? பங்கர்தானே. பிள்ளையாரும் முருகனும் அம்மனும் பங்கருக்குள் இறங்கினார்கள். அம்மா ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, வெள்ளைத் துணி விரித்து, படங்களை வைத்து, தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றினார். அன்றிலிருந்து பங்கர் கோயிலாகிவிட்டது. பொம்மர் தலைக்கு மேல் குத்தும்போதும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். வதனிக்கு அது பெரிய பகிடி. "பிள்ளையாரும் பயந்துதானே உள்ளுக்கை இருக்கிறார். அவருக்கேன் செருப்புக் கழட்டோணும்?" என்பாள். அம்மா தலையில் குட்டுவார். குட்டு வாங்கிக்கொண்டும் சிரிப்பாள். ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பெண் அவள். யுனிவர்சிற்றிக்குப் போய்க் கணக்குப் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனித்தான் அந்த விஷயம். பிரியா, நிறுத்தாதே.

மாதவிலக்கு நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் சாமி அறைப் பக்கம் போவதில்லை. அது கடலுக்கு அக்கரையில் உங்கள் பக்கத்திலும் இருந்ததுதான், பிரியா. சாமி அறை வீட்டுக்குள் இருந்தவரை அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாமி பங்கருக்குள் போனதும், அந்த நாட்களில் நாங்கள் எங்கே போவது என்ற கேள்வி வந்தது. கேள்வி வந்தது என்று சொல்வது பொய். யாரும் கேட்கவேயில்லை. முதல் தடவை அது எனக்குத்தான் வந்தது. பொம்மர்ச் சத்தம் கேட்டு எல்லோரும் ஓட, நான் பங்கர் வாசல் வரை போய் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. திரும்பி வீட்டுக்குள் ஓடினேன். நடுச்சுவருக்குப் பின்பக்கம், கிணற்றடியைப் பார்த்த பக்கம், ஒரு பாயைப் போட்டுக் குந்தினேன். அது என் பாட்டனார் வெள்ளைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பென்னாம்பெரிய சுவர். கோட்டைப் பக்கமிருந்து வரும் செல் முன் வீட்டை உடைத்தாலும் அந்தச் சுவரைத் தாண்டாது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் பாய் அங்கேயே கிடந்தது. நானோ வதனியோ யாருக்கு நாள் வந்தாலும் பாயில் போய் இருப்போம். அப்பா எங்களில் யார் இல்லையென்று பார்ப்பார், பிறகு நிலத்தைப் பார்ப்பார். பெண்களின் விஷயத்தில் ஆம்பிளை வாய் திறக்கக்கூடாது என்று அவருக்குப் பழக்கியிருந்தார்கள். செல்லுக்கென்று பார்த்து வைத்த இடம் பொம்மருக்குச் சரிவராது, வானத்துக்கு முன்பக்கமும் இல்லை பின்பக்கமும் இல்லை என்பது படித்த எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று காலையில் நான் பிட்டுக் குழைத்துக்கொண்டிருந்தேன். வதனி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். பொம்மர் கோட்டைப் பக்கமாக வந்து ஒரு வட்டம் அடித்தது. பக்கத்து வீட்டுக் கமலாக்கா மதிலுக்கு மேலால், "பிள்ளையள், இது எங்கடை பக்கம்தான் வருது, ஓடுங்கோ" என்று கத்தினார். நான் மாக் கையோடு ஓடினேன். அம்மா எனக்கு முன்னால் இறங்கிவிட்டார். வதனி ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குள் நடந்தாள். ஓடக்கூட இல்லை, நடந்தாள்.

"வதனி, இண்டைக்கு மட்டும் வாடி" என்றேன்.

"நீ போ அக்கா. பிள்ளையாருக்குத் தீட்டுப் பட்டா, ஆர் அவரைக் குளிப்பாட்டுறது?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்பா கடைசியாக இறங்கினார். பங்கருக்குள் இருட்டு. வெளியிலிருந்து வருபவருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. "எல்லாரும் இறங்கீட்டினமோ?" என்று கேட்டார்.

அம்மா "ஓம்" என்றார்.

பொய் சொல்ல வேண்டும் என்று அம்மா நினைக்கவில்லை. இறங்கக்கூடிய எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்த "ஓம்" சொல்லி முடிய முதலே குண்டு விழுந்தது. சத்தத்தை நான் கேட்கவில்லை. காதுக்குள் யாரோ கட்டையால் அடித்தது போலிருந்தது. தண்டவாளம் வளைந்தது, மண் கொட்டியது, விளக்கு அணைந்தது, வாய் முழுக்க மண். அம்மா என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது குண்டு தூரத்தில் விழுந்தது. அப்பா எங்களை மிதித்துக்கொண்டு மேலே ஏறினார். நானும் ஏறினேன்.

கிணற்றடி இருக்கவில்லை. கிணறு இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம், அதற்குள் சேற்றுத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. வாழை, துலா, குசினி, ஒன்றும் இல்லை. வீட்டின் பின்பக்கம் கூரையோடு வாரி எடுத்துவிட்டது போலத் திறந்து கிடந்தது. பாட்டனாரின் சுவர் மட்டும் நின்றது. வதனி பாயில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். இருந்தபடியே இருந்தாள். தலையிலிருந்து கால் வரை வெள்ளைச் சுண்ணாம்புத் தூள். முதல் பார்வையில், தூள் கொட்டியிருக்கிறது, தட்டிவிட்டால் எழும்புவாள் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போன பிறகுதான் தூளுக்குள்ளால் சிவப்பு ஊறிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். நெஞ்சிலும் வயிற்றிலும் முகத்திலும் குண்டின் துண்டுகள், பீஸ் என்போம், ஏறியிருந்தன. ஒரு கண் இருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. வாய் கொஞ்ச நேரம் அசைந்தது, ஆனால் பேச்சு வரவில்லை, காற்றுத்தான் வந்தது. அந்தக் காற்றும் நின்றுபோனது. நான் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். என் முன்பக்கம் முழுவதும் நனைந்தது. முதுகில் கை வைத்தபோது முதுகு காய்ந்திருந்தது. தம்பி, அவள் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டையின் பின்பக்கம் அப்போதுதான் அயன் பண்ணியது போல இருந்தது.

அவளைத் தூக்கிக் கிடத்திய பிறகு சுவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அம்மைத் தழும்பு போல ஓட்டை. நீ விளக்கு வைக்கப் போகும் ஓட்டைகள் அவைதான். அதற்கு நடுவில் ஓரிடம் மட்டும் பழுதுபடாமல், சுண்ணாம்பு பூசியது பூசியபடி இருந்தது. நிலத்திலிருந்து, ஒரு பெண்பிள்ளை குந்தி இருந்தால் அவள் தலை வரும் உயரம் வரை. அகலமும் அவள் அகலம்தான். அந்த இடத்துக்குப் போக வேண்டிய பீஸ் எல்லாம் அவளுக்குள் போயிருந்தது.

போன வருஷம் அளவெடுக்கப் போயிருந்தபோது நீ அந்தச் சுவரடியில் நின்றுகொண்டு எனக்கு வீடியோ எடுத்தாய். "அம்மா, இஞ்சை மட்டும் ஒரு ஓட்டையும் இல்லை, பாருங்கோ. லக்கி ஸ்பொட்" என்றாய். உன் படத்தில் அந்த இடத்தில் ஓர் இருக்கை வரைந்திருக்கிறாய். அதற்குப் பக்கத்தில் உன் கோணல் எழுத்தில், தமிழில், "அம்மாவின் இடம்" என்று எழுதியிருக்கிறாய். நான் வயது போய் அங்கே வந்தால் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடிக்கவென்று. பாசத்தோடுதான் வரைந்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் முதுகு சாய்க்க மாட்டேன். நீ கேட்ட காரணம் இதுதான்.

ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை. அன்று பின்னேரம் பொம்மர் திரும்பவும் வந்தது. வதனியை முன் அறையில் கிடத்தியிருந்தோம். நானும் அப்பாவும் அம்மாவைப் பங்கருக்கு இழுத்தோம். அம்மா பள்ளத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு அசையவில்லை. "செத்தவீட்டுத் துடக்கு. நான் உள்ளுக்கை வரக்கூடாது" என்றார். அவர் சொன்னது சரிதான். சாவு விழுந்த வீட்டில் எல்லோருக்கும் துடக்கு. சாமி இருக்கும் இடத்துக்கு எங்கள் யாருக்கும் போக உரிமையில்லை. தலைக்கு மேல் பொம்மர் வட்டம் அடிக்கிறது, அம்மா சட்டம் சொல்கிறார். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன், கழுத்தைப் பிடிக்கக் கை போனது. அப்போது அப்பா, அந்த வாய் திறக்காத மனுஷன், பங்கருக்குள் இறங்கினார். பிள்ளையார், முருகன், அம்மன், எல்லாப் படங்களையும் அள்ளிக்கொண்டு மேலே வந்தார். நேரே சுவரடிக்குப் போனார். வதனி இருந்த பாயில், இரத்தத்துக்கு மேல், படங்களைச் சுவரோடு சாய்த்து வைத்தார். "என்ர பிள்ளை இருந்த இடத்திலை இவையும் ஒருக்கா இருந்து பாக்கட்டும்" என்றார். பிறகு அம்மாவைக் கையில் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார்.

அன்று குண்டு வேறெங்கோ விழுந்தது. நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணாடிகூட வெடிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அம்மா முதன்முதலாக வாய்விட்டுக் குழறி அழுதார். வதனியைச் சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை. வளவின் மூலையில், குசினியின் உடைந்த கூரை வளையும் கதவும் போட்டு எரித்தோம். அடுத்த நாளே கிடைத்ததைக் கட்டிக்கொண்டு பட்டினத்தை விட்டு நடந்தோம். படங்களை யாரும் எடுக்கவில்லை. அம்மா கொழும்பில் சாகும்வரை விளக்கு ஏற்றவுமில்லை, அந்த "ஓம்" பற்றி ஒரு சொல் பேசவுமில்லை. அப்பாவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவை நான் மன்னித்தேனா என்று நீ கேட்பாய். தெரியாது. அவருடைய சாம்பலைக் கடலில் கரைத்தபோது எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

சண்டை முடிந்து சனம் திரும்பிய காலத்தில் கமலாக்காதான் எங்கள் ஒழுங்கையில் முதலில் போய்க் குடியேறியவர். வதனியைக் கழுவி உடுப்பு மாற்றியதும் அவருடைய கைகள்தான். அவருடைய வீடும் தரைமட்டம். இடிந்த கல்லையே அத்திவாரத்துக்குள் கொட்டி, அதற்கு மேல் அறை எழுப்பினார். மிஞ்சி நின்ற சுவரின் ஓட்டைகளைச் சீமெந்து வைத்து அடைத்து, பச்சைக்கிளி நிறத்தில் பெயின்ற் அடித்தார். நீ போய்ப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டிலை ஒரு கரக்டரும் இல்லை" என்றாய். நான் அதைக் கமலாக்காவுக்குப் போனில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "பிள்ளை, ஓட்டையோடை விட்டா பல்லி வந்து குடியிருக்கும். நான் குடியிருக்க வேண்டாமோ?" என்றார். பட்டினமும் அப்படித்தான் எழும்பியது, தம்பி. எரிந்த நூலகத்துக்கு வெள்ளை அடித்தார்கள், ரயில் திரும்பவும் வந்தது, அப்பாவின் கடை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட போன் கடை. நீ அதையெல்லாம் பார்த்து, ஊர் மறந்துவிட்டது என்று கவலைப்பட்டாய். ஊர் மறக்கவில்லை. ஊருக்கு உடுப்புக் காயப்போட வேண்டும், பிள்ளைக்குச் சோறு தீத்த வேண்டும், பூசாமல் என்ன செய்வது? ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருப்பது மெல்பேர்னில் இருக்கும் உனக்கும் சிட்னியில் இருக்கும் எனக்கும்தான். வெந்த புண்ணுக்கு நீ விளக்கு வைக்கப் பார்க்கிறாய்.

இத்தனை வருஷம் நீங்கள் ஏன் அதை இடிக்கவில்லை என்று நீ கேட்டால் அது நியாயமான கேள்வி. கமலாக்கா எத்தனையோ தரம், "நீ ஒரு சொல் சொல்லு, ஒரு நாளிலை விழுத்திப்போடுவினம்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அவள் கடைசியாகச் சாய்ந்திருந்த இடம் அது. அவளுடைய அளவு இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் இருப்பது வேறு, அதை வீட்டுக்கு நடுவில் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டுவது வேறு. பிரியா என்னிடம், "அதை எடுத்துட்டா மறந்துட மாட்டோமா அத்தை?" என்று கேட்டாள். மகளே, நீ இப்போது இதை வாய்விட்டு வாசித்துவிட்டாய். இனி நீயும் மறக்க மாட்டாய், அவனும் மறக்க மாட்டான். அது போதும்.

நீ வரைந்த சாமி அறையையும் பார்த்தேன். வேண்டாமென்று சொல்லவில்லை. எனக்குக் கடவுளோடு பேச்சு வார்த்தை குறைவு, உங்களுக்கு இருந்தால் இருக்கட்டும். ஆனால் வீட்டிலேயே தடித்த கொங்கிறீட் போட்ட அறையாக அதை வைத்திருக்கிறாய். அதை மாற்று. பலமான அறை ஆட்களுக்கு இருக்கட்டும். நாளைக்கு உனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தால், அவள் எந்த நாளிலும் எந்தக் கதவுக்கு முன்னாலும் நின்று யாருடைய முகத்தையும் பார்க்கக்கூடாது. இதை நீ அவளுடைய அப்பாவாக வாய் திறந்து சொல்ல வேண்டும். நிலத்தைப் பார்க்காதே.

மேசன்மாருக்குச் சொல், அந்தச் சுவரில் யாரும் கை வைக்க வேண்டாம், நான் வரும்வரை பொறுக்கட்டும் என்று. ஓம், நான் வாறேன். ஊரை விட்டு வந்த பிறகு ஒரு தரமும் போகாத நான், நேற்று டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் பிளேன் இறங்கி இரண்டு மூன்று நாளில் என்னுடையது இறங்கும். முழங்கால் சரியில்லை என்று நீ சண்டை பிடிப்பாய். பிடி. அந்தச் சுவரில் ஓட்டை விழாமல் இருக்கும் இடத்தில் முதல் ஓட்டையை நான்தான் போட வேண்டும். அதற்குப் பிறகு மிச்சத்தை ஆட்கள் விழுத்தட்டும். சுவர் உடைக்கும் அலவாங்கு ஒன்று வாங்கி வை. என்னால் தூக்கக்கூடிய பாரமாகப் பார்த்து வாங்கு.

அம்மா